மறைந்த சுப்புத்தாய் பாடியது

மதுரை மத்திய சிறை
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாண்டிராஜ் எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் முழங்கால் வலி குறைந்ததா? சாத்தூருக்குப் போய் என் மாமியார் வீட்டில் பாப்பாவைப் பார்த்தாயா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதும் கடிதத்தை இங்கே ஓர் அலுவலர் பிரித்து வாசிப்பார். அனுப்பியவர் பேரைப் பதிவேட்டில் எழுதி, கடிதத்தின் மூலையில் தேதியோடு முத்திரை குத்தி, அதற்குப் பிறகுதான் என் கைக்குத் தருவார். அதனால் எதையும் பார்த்து எழுது.

ஜாமீன் உத்தரவு வந்து மூன்று வாரமாகிறது. சொந்த வீடும் வரி ரசீதும் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் வெளியே வந்துவிடுவேன். ஆமத்தூரில் எனக்காக அப்படி இரண்டு பேர் இல்லையா? பங்குனியில் நம் பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது முதலாளி ஊரிலேயே இல்லை. போர்மேன் என்று நான் இருந்தேன், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். போன நாலு உயிருக்கும் நான்தான் பொறுப்பு என்று ஊர் நினைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சாயங்காலம் எங்கள் பிளாக் டிவியில் ஒரு புதுப்படப் பாட்டு ஓடியது. கதாநாயகன் குடோன் கூரையிலிருந்து குதிக்கிறான், பத்துப் பேரைப் போட்டு அடிக்கிறான். அதற்கு முன்னால் இருட்டில் ஒரு பெண் குரல்.

"சரங்கட்டும் கையிலதான் மஞ்ச நெறம் போகலையே
வரங்கேட்ட சாமிக்குந்தான் எங்க ஊரு தெரியலையே"

உன் பாட்டு, அக்கா. உன் குரலேதான். முதல் நாலு வரி நீ பாடுகிறாய். அதன் பிறகு அவர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கோடிப் பேர் பார்த்துவிட்டார்களாம். இசை என்று பெரிய எழுத்தில் யாரோ ஒருவர் பேர். கீழே பொடி எழுத்தில், "நாட்டுப்புறப் பாடல். குரல்: மறைந்த சுப்புத்தாய், சிவகாசி" என்று போட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கக்கூஸுக்குள் போய் நின்று அழுதேன்.

அந்தப் பேர் எப்படி அங்கே வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே எழுதுவதற்கில்லை. நான் வைக்காத வெடிக்கு வழக்கில் என் பேரை முதல் வரியில் போட்டிருக்கிறார்கள். நீ கட்டிய பாட்டில் உன் பேர் கடைசி வரியில்கூட இல்லை. இதை விடக்கூடாது. எனக்கு இலவசமாக வாதாடுகிற வக்கீல் எவாஞ்சலின் அம்மாவைப் போய்ப் பார். விருதுநகர் கோர்ட்டுக்கு எதிரே ஆபீஸ். எல்லாம் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. பதிலைச் சீக்கிரம் போடு.

உன் தம்பி
பாண்டிராஜ்


ஆமத்தூர்
27.6.2025

தம்பி பாண்டிராஜுக்கு,

அக்கா முருகம்மாள். நான் நன்றாக இருக்கிறேன். நம்பமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன், நம்பிக்கொள். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். பாப்பாவைப் பார்த்தேன். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உன் பெண்டாட்டி காப்பி கொடுத்தாள், அதிகம் பேசவில்லை.

நீ அங்கிருந்து போன் போட்டால் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போன் சரியில்லை. கடிதமே போதும்.

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் பெட்டி அடுக்கப் போகிறேன். வெடி கம்பெனிப் பக்கம் இனிமேல் போக மனசில்லை. ஜாமீனுக்காக ஏழு வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். ஒருவர் வரி பாக்கி என்றார், ஒருவர் ரசீதைக் கரையான் தின்றுவிட்டது என்றார். நம் ஊர்க் கரையானுக்கு இவ்வளவு பசி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

எதிர்வீட்டுச் சோலையம்மாள் மதினி தினமும் வருகிறாள். அவள் மகள் பொன்மணியோடு செத்த முனியராசு, பானுப்பிரியா, வெள்ளத்துரை மூன்று பேர் வீட்டுக்கும் நிவாரணம் வந்துவிட்டது. பொன்மணி மட்டும் எங்கள் வேலையாளே இல்லை, யாருக்கோ சோறு கொண்டுவந்த பெண் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மதினி திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸுக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒந்தம்பிதான அங்கன போர்மேனு? எம்மக வேல பாத்தாளா இல்லயான்னு ஒரு வார்த்த எழுதித் தரச் சொல்லு தாயி. அம்புட்டுத்தான் கேக்கேன்" என்றாள். நான் என்ன சொல்ல?

பாட்டு கிடக்கிறது, விடு. முதலில் நீ வா.

சோறு எப்படிப் போட்டாலும் மிச்சம் வைக்காதே.

அக்கா
முருகம்மாள்


மதுரை மத்திய சிறை
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போட்டதை வாசித்தேன். பாப்பாவுக்குப் பல் விழுந்ததை நாலு தடவை வாசித்தேன். நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

பாட்டை விடு என்கிறாயே, எப்படி விடுவது? இங்கே காலையில் பல் விளக்கும்போதுகூட அதைத்தான் பாடுகிறார்கள். இது எங்கக்கா பாட்டு என்று பக்கத்தில் படுக்கிறவனிடம் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்து, "ஒங்கக்கா எறந்துட்டாகளாலே? பேரு போட்டுருந்துச்சே" என்று துக்கம் விசாரித்தான். உயிரோடு இருக்கிறாள் என்றேன். அப்படியானால் நீ பொய் சொல்கிறாய் என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

மாமா செத்த வருஷம் நீ என்னோடு வேலைக்கு வந்தாய். சரவெடி பின்னும் அறையில் முதல் வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் கை போகிற வேகத்துக்குப் பாட ஆரம்பித்தாய். இரண்டு வெடியை வைத்து ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு சொல். ஒரு சரம் முடியும்போது ஒரு அடி முடியும். அந்த அறையில் மட்டும் சாயங்காலம் சரம் கூடுதலாக வந்தது. எனக்குப் போர்மேன் சந்தோஷம், உனக்கு என்ன வலியோ, அதை நான் கேட்டதே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காலேஜிலிருந்து ஒருவர் வந்து, வேனில் வீடு திரும்புகிற பெண்களைப் பாடச் சொல்லி ரிக்கார்டு பண்ணிக்கொண்டு போனாரே, அதிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். உன் பாட்டின் நடுவில் வேன் ஹாரன் அடிக்கும். படத்திலும் அந்த ஹாரன் இருக்கிறது. அதைக்கூட விடவில்லை, உன் பேரை விட்டுவிட்டார்கள்.

வக்கீலம்மாவிடம் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இங்கே நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இது ஒன்றாவது நடந்தால் என்னால் தூங்க முடியும்.

சோலையம்மாள் மதினிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

வெயிலில் அலையாதே.

பாண்டிராஜ்


ஆமத்தூர்
2.8.2025

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் அவரவர் சௌகரியத்தில் இருக்கிறோம். நாளைக்கு ஆடிப்பெருக்கு, தீப்பெட்டி கம்பெனியில் லீவு விடவில்லை.

நீ கும்பிட்டதால் வக்கீலம்மாவைப் பார்த்தேன். சின்ன வயசுதான், நிறையக் கேள்வி கேட்கிறது. அந்தப் பாட்டு கம்பெனிக்குச் சென்னைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பாடினது நீங்கள் என்றால் சுப்புத்தாய் யார் என்று கேட்டது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

இது போதும் தம்பி. இதற்கு மேல் தோண்டச் சொல்லாதே.

சோலையம்மாள் கேட்டதற்கு நீ ஒரு வரி எழுதவில்லை.

முருகம்மாள்


மதுரை மத்திய சிறை
20.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நோட்டீஸுக்குப் பதில் வந்ததா? பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. இங்கே தபால் கொடுக்கும்போது என் பேர் வராவிட்டால், அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

பாண்டிராஜ்


மதுரை மத்திய சிறை
14.9.2025

அக்கா,

உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

பாண்டிராஜ்


ஆமத்தூர்
21.9.2025

தம்பி பாண்டிராஜுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். இதை வக்கீலம்மா கையில் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். வழக்குக் காகிதத்தோடு போனால் அங்கே பிரிக்கமாட்டார்களாம். அதனால் இந்த ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் என் உடம்பு. போன் சரியில்லை என்று எழுதியது பொய். என் காதுதான் சரியில்லை. வெடித்த அன்று நான் பேக்கிங் அறையில் இருந்தேனே, அப்போது போனது. இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதில் பாதி. மிச்சப் பாதியில் எந்நேரமும் இரைச்சல். உனக்கு அங்கே இருக்கிற கவலை போதும் என்று சொல்லவில்லை. நீ டிவியில் கேட்ட பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை, தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளை போனை என் காதோடு ஒட்டி வைத்தது. தாளம் மட்டும் நெஞ்சில் இடித்தது. என் குரல் எனக்கு வரவில்லை.

நோட்டீஸ் போனதும் பாட்டு கம்பெனிக்காரர்கள் நம் வெடி கம்பெனியை விசாரித்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் மேனேஜர் சண்முகவேல் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். என் காதுக்காகச் சத்தமாகத்தான் பேசினார், தெருவே கேட்டிருக்கும்.

"நீங்கதான் பாடுனீகன்னு சொல்றீகளாம். அப்ப சுப்புத்தாய் யாரு? அவ செத்து ஆறு வருசமாச்சு. ஆனா நம்ம வருகை நோட்டுல போன பங்குனி வரைக்கும் வேலைக்கு வந்துருக்கா. நோட்டு பொய்யின்னு ஆகும். அது யாரு கையெழுத்து? ஒங்க தம்பி கையெழுத்து. இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வரவேண்டியவன் எட்டு வருசம் உள்ள கெடப்பான், பரவால்லயா?"

அவர் சொன்னதில் பொய் எது? புதுப் பேர் சேர்த்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டவேண்டும் என்று, செத்தவர்கள் பேரிலும் வேலையை விட்டு நின்றவர்கள் பேரிலும் புது ஆட்களை வேலைக்கு வைக்கச் சொன்னது முதலாளி. எழுதியது நீ. நான் சுப்புத்தாயாக இருந்தேன். பொன்மணி, கல்யாணமாகித் திருப்பூர் போன செல்லக்கனியாக இருந்தாள். அந்தக் காலேஜ் ஆள் பாடினவர்கள் பேரைக் கேட்டபோது, எங்கே ஆய்வுக்கு வந்தவரோ என்று பயந்துபோய் நோட்டை விரித்து வரிசையாக வாசித்தாய். பிறகு அவர் ஊரில் யாரிடமோ சுப்புத்தாயைக் கேட்டிருப்பார், செத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார்கள். பாவம், நல்ல மனசோடு "மறைந்த" என்று சேர்த்திருக்கிறார்.

சண்முகவேல் ஒரு காகிதம் நீட்டுகிறார். முருகம்மாள் என்கிற நான் அந்தக் கம்பெனியில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை, அந்தப் பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று டைப் அடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் தீபாவளிக்குள் வரி ரசீதோடு இரண்டு பேரைக் கோர்ட்டுக்கு அனுப்புவாராம்.

பாட்டு போனால் போகட்டும். இன்னொன்று கட்டிக்கொள்வேன். ஆனால் நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், நோட்டு சரி என்று ஆகிவிடும். நோட்டு சரி என்றால் பொன்மணி அங்கே இல்லை. சோலையம்மாள் சாகும்வரை படத்தைத் தூக்கிக்கொண்டு திங்கள்கிழமை திங்கள்கிழமை போகவேண்டியதுதான். அவள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

ஒரு மாதமாக இதையே நினைத்துத் தூக்கமில்லை. அதனால்தான் எழுதவில்லை. நீ சொல். நீ போடாதே என்றால் போடமாட்டேன்.

அக்கா


மதுரை மத்திய சிறை
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் காது விஷயம் தெரியாமல் போன் எடுக்கவில்லை என்று மனசுக்குள் உன்னைத் திட்டியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். போடாதே என்று எழுதிய கடிதம் இரண்டு தடவை உறைக்குள் போனது. இரண்டு தடவையும் வெளியே எடுத்துவிட்டேன்.

அக்கா, என்னால் முடியவில்லை. ராத்திரி யாராவது தகரத்தைத் தட்டினால் எழுந்து ஓடப் பார்க்கிறேன், ஓட இடமில்லை. பாப்பாவுக்கு என் முகம் மறந்துவிடும். தீபாவளிக்குள் என்கிறார்கள். எட்டு நாள்தான் இருக்கிறது.

சுப்புத்தாய் நன்றாகப் பாடினாள். அப்படியே இருக்கட்டும்.

மற்றதை வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன். மதினி காலில் விழுகிறேன். முதலில் வெளியே வரவேண்டும்.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாயோ, நினைத்துக்கொள்.

பாண்டிராஜ்


ஆமத்தூர்
9.11.2025

தம்பிக்கு,

உன்னைப் பற்றி நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. நீ போடச் சொல்லவேண்டும் என்றுதான் நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன். முருகம்மாள் என்று. அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட காகிதத்தில் என் சொந்தப் பேரை எழுதியது அதுதான் முதல் தடவை. நான் இல்லை என்று சொல்வதற்காக எழுதினேன்.

இதை வாசிக்கிற ஐயா வாசிக்கட்டும், இனி ஒளிக்க ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முதல் நாள் சண்முகவேலிடம் போனேன். "சீசன் நேரம், லோடு ஏறிக்கிட்டு இருக்கு, முடியட்டும்" என்றார். முடிந்ததும் போனேன். கேட்டில் புது வாட்ச்மேன். முதலாளிக்கு முன்ஜாமீன் ஆகிவிட்டது, லைசென்ஸும் திரும்ப வந்துவிட்டது. என் கையெழுத்துக் காகிதத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்களாம். மூன்றாம் தடவை சண்முகவேல் வெளியே வந்து, "ஒங்களுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துருக்கீக. பின்ன எதுக்கு இங்கன வந்து நிக்கீக?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரும்பி வந்துவிட்டேன்.

தீபாவளி அன்று காலையில் சோலையம்மாள் ஒரு தட்டில் அதிரசம் வைத்துக் கொண்டுவந்தாள். மகள் செத்த வருஷத்தில் அவளே எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. எங்கோ கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். "ஒந்தம்பி வாரானாம்ல. வந்துட்டான்னா எம்மகளுக்கு ஒரு வார்த்த எழுதித் தந்துருவான்ல" என்றாள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். விழுங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாட்டும் போயிற்று, நீயும் வரவில்லை, அவளுக்கும் துரோகம் செய்தாயிற்று. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. நிஜமாகவே தெரியவில்லை.

முருகம்மாள்


மதுரை மத்திய சிறை
2.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டிராஜ் எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்த அன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், மூன்று தையல் போட்டார்கள். ஆறிவிட்டது. இப்போது தெளிவாக இருக்கிறேன்.

நேற்று வக்கீலம்மா வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டை எழுதியது நான். எழுதச் சொன்னது முதலாளி. யார் பேரில் யார் வேலை பார்த்தார்கள் என்று பதினொரு பேரைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர், "அண்ணன், இதால உங்க மேல புதுப் பிரிவு சேரும், ஜாமீனையும் ரத்து பண்ணச் சொல்லுவாங்க, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இதற்குக் கீழே எழுதியிருப்பதைச் சோலையம்மாள் மதினிக்கு வாசித்துக் காட்டு. அவள் கேட்டது ஒரு வார்த்தை. ஐந்து மாதம் கழித்துத் தருகிறேன்.

"ஆமத்தூர் சோலையம்மாள் மகள் பொன்மணி என்னிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. வெடித்த அன்று காலை எட்டு மணிக்கு அவளை ஆறாம் நம்பர் அறைக்கு அனுப்பியது நான். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேரை உட்காரவைத்ததும் நான். ஆர்டர் இருக்கிறது, இன்றைக்கு ஒருநாள் என்று சொன்னேன். அவள் சரி அண்ணே என்று போனாள். போர்மேன் பாண்டிராஜ்."

வைக்காத வெடிக்கு என் பேர் என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு.

உன் பாட்டுக்கு இது உதவுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் வக்கீலம்மா.

நீ என்னைப் பார்க்க வரவேண்டாம். கடிதம் போடு.

பாண்டிராஜ்


ஆமத்தூர்
11.1.2026

என் தம்பி பாண்டிராஜுக்கு,

தையல் போட்ட இடத்தில் எண்ணெய் தடவு. இனி சுவரில் முட்டினால் நான் அங்கே வந்து முட்டுவேன்.

நீ எழுதியதைச் சோலையம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். என் காதில் விழாததால் நான் எவ்வளவு சத்தமாக வாசித்தேன் என்று தெரியவில்லை, தெருவே வந்து நின்றது. முடித்ததும் அவள் என்னை அடித்தாள். முதுகில் மூன்று அடி, நல்ல அடி. பிறகு என் மடியிலேயே படுத்து அழுதாள். அந்தக் கடிதத்தை வாங்கிப் பொன்மணி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். உன்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் பொன்மணி மனுவை மறுபடி எடுத்து, விசாரணை என்று எழுதியிருக்கிறார்கள்.

உன் ஜாமீனைப் பற்றி வக்கீலம்மா உன்னிடம் சொல்லியிருக்கும். நான் எழுதவேண்டாம்.

சென்னையிலிருந்து பதிலும் வந்துவிட்டது. முருகம்மாளே தனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்த நகலை இணைத்திருக்கிறார்கள். பேரில் குழப்பம் வந்ததால் சுப்புத்தாய் பேரையும் எடுத்துவிட்டார்களாம். இப்போது வெறும் "நாட்டுப்புறப் பாடல்" என்று போட்டிருக்கிறதாம். யாரும் கட்டவில்லை, யாரும் பாடவில்லை, தானாக முளைத்திருக்கிறது. வக்கீலம்மா வழக்குப் போடலாம் என்கிறது. உங்கள் பாட்டு என்பதற்குத் தேதி போட்ட காகிதம் ஏதாவது உண்டா, அரசாங்க முத்திரை உண்டா என்று கேட்டது. சரம் பின்னுகிறவளுக்கு முத்திரை யார் குத்துவார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உன் முதல் கடிதத்தில் நீ எழுதிய தேதி முத்திரை ஞாபகம் வந்தது.

தம்பி, நான் புதுசாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறேன். காதில் இரைச்சல் இருப்பதால் வாய்விட்டுப் பாடிப் பார்க்க முடியவில்லை. தீப்பெட்டி அடுக்குகிற கையை வைத்தே அளந்து கட்டினேன். இன்னும் யாருக்கும் பாடிக் காட்டவில்லை, யார் போனிலும் இல்லை. உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். மனப்பாடம் பண்ணிக்கொள், இந்தத் தாளைத் தொலைத்துவிடாதே.

இதை வாசிக்கிற ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். உங்களை நான் பார்த்ததில்லை. இத்தனை மாதமாக எங்கள் வீட்டுக் கதையைப் படித்திருக்கிறீர்கள். இன்றைக்கு மூலையில் குத்தாமல் பாட்டுக்குப் பக்கத்திலேயே முத்திரையைக் குத்துங்கள், ஐயா. தேதி தெளிவாக விழட்டும். பதிவேட்டில் என் பேரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

முனியராசு போன தடம் நோட்டுக்குள்ள பேரிருக்கு
பானுப்பிரியா போன தடம் பத்திரத்தில் பேரிருக்கு
வெள்ளத்தொரை போன தடம் வீட்டுச்சொவத்தில் படமிருக்கு
பொன்மணியே நீ போன தடம் பொழுதுக்கும் நான் தேடுறேனே
சரத்துக்குள்ள ஒரு முடிச்சாச் சத்தமில்லாப் போனவளே
செத்தவ பேர் எனக்கெதுக்கு, ஒம் பேரச் சொல்லிப் பாடுறேனே

கட்டியவள், எழுதியவள்:
முருகம்மாள், ஆமத்தூர்.
உயிரோடு இருக்கிறேன்.